மீட்டருக்கு நூற்றைம்பது

என் மச்சினன் எனக்குத் தர வேண்டியிருந்தது பதினாறாயிரத்து முன்னூற்று இருபது. அதில் பதினைந்தாயிரம் நான் ரொக்கமாகக் கொடுத்தது. மீதி ஆயிரத்து முன்னூற்று இருபது, கடற்கரையில் அவன் போட்டிருந்த கொட்டகையைத் தூக்கி இடம் மாற்றியதற்கான கூலி. மனைவியின் தம்பிதானே, கூலியையாவது விட்டுவிடக் கூடாதா என்று சிலர் கேட்டார்கள். சுமை தூக்குகிறவர்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

நான் சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்குகிறவன். குடோனுக்குள் நாள் கூலி, நானூற்று எண்பது. வெளியே போய்த் தூக்கினால் தூரத்துக்குக் கூலி. மீட்டருக்கு இவ்வளவு என்று பேசிவிட்டுத்தான் குனிவோம். குனிந்த பிறகு பேசினால் எவனும் கூட்டித் தர மாட்டான். கொட்டகைக்கு மச்சினன் மீட்டருக்கு நூறு என்றான். நான் இருநூறு என்றேன். என் மனைவி நூற்றைம்பது என்று முடித்துவைத்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் உறவு.

தூரத்துக்குக் கூலி என்றதும் மச்சினன் ஒன்றைப் பிடித்துக்கொண்டான். எவ்வளவு குறைவாக நகர்த்துகிறானோ அவ்வளவு மிச்சம். கடல் பொங்கி வந்து அவனுடைய டீ அடுப்பை நனைத்தால் அடுத்த திங்கட்கிழமை காலையில் கூப்பிடுவான். திங்கட்கிழமைகளில் கடற்கரையில் வியாபாரம் இருக்காது.

"மாமா, கொஞ்சம் பின்னால தள்ளணும். கொஞ்சம்தான்."

அந்தக் கொஞ்சத்துக்காகத் தகரத்தை இறக்கி, நாலு இரும்புக் காலையும் பிடுங்கி, பலகை, கதவு, அடுப்பு, வாடகைக்கு விடும் நாற்பது நாற்காலி, இருபது குடை, எல்லாவற்றையும் எண்பது சென்டிமீட்டர் பின்னால் கொண்டுபோய் மறுபடியும் மாட்ட வேண்டும். அதற்கு நூற்றிருபது. பணம் கேட்டால், "கணக்குல எழுதிக்குங்க மாமா" என்பான். நானும் எழுதிக்கொண்டேன். கொட்டகைக் கதவின் உட்பக்கத்தில், கொத்தனார் பென்சிலால், தேதியும் பணமும். எழுதக் கற்றுக்கொண்ட பிறகு எனக்காக நான் எழுதியது முதன்முதலில் அந்தக் கதவில்தான்.

எழுத்து எனக்கு நாற்பத்தேழு வயதில் வந்தது. பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்பு. குழந்தைகள் உட்காரும் பெஞ்சு என்பதால் முழங்கால் மேசையில் இடிக்கும். எழுத்து மறந்த நாட்களிலும் முழங்கால் வலித்தது. பாடம் நடத்திய டீச்சர், எழுதப் படிக்க வந்தவர்களை அப்படியே விட்டுவிட மாட்டார்.

"எழுதுறதுக்குன்னு ஒரு வேலை இருக்கணும். இல்லன்னா வந்த எழுத்து வந்த வழியாவே போயிடும்," என்றார்.

அவரே கடற்கரையைக் கவனிக்கும் தொண்டர்கள் குழுவையும் நடத்திவந்தார். பொதுக் கடற்கரையைப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு துண்டுக்கு இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமைதோறும், நீர் வடிந்திருக்கும் நேரத்தை டீச்சர் ஒரு சீட்டில் எழுதித் தருவார். அந்த நேரத்துக்குப் போய்ப் படிவத்தை நிரப்ப வேண்டும். காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம், தண்ணீர் என்ன நிறம், செத்த மீன் எத்தனை, குப்பை என்ன வகை, ஆட்கள் எத்தனை பேர், நாய்கள் எத்தனை, மணல் எத்தனை மீட்டர் அகலம். கடைசியில் 'வேறு குறிப்புகள்' என்று ஒரு கட்டம்.

எனக்கு ஏழாம் துண்டு. கூட்டாளி, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். எழுதப் படிக்க நன்றாகத் தெரிந்தவர். வீட்டில் இருந்தால் மருமகள் வேலை சொல்கிறாள் என்பதால் தொண்டு செய்ய வந்தவர். மணலில் நடப்பவர்களை அவர் டிக்கெட் என்றுதான் எண்ணுவார். "முப்பத்தெட்டு டிக்கெட், நாலு நாய், எழுதிக்கோ மூட்டை" என்பார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழுதுகிற வேலையை என்னிடம் விட்டுவிட்டார், பழகட்டும் என்று. முதல் வாரம் 'வேறு குறிப்புகள்' கட்டத்தைக் காலியாக விட மனம் வரவில்லை. வெகுநேரம் யோசித்து, 'கடல் இருந்தது' என்று எழுதினேன். டீச்சர் அதற்கும் ஒரு சரி போட்டார்.

மணலின் அகலத்தை அளக்கும் இடத்தில்தான் எங்களுக்கு முதல் சந்தேகம் வந்தது. அசையாத பொருள் ஒன்றை அடையாளமாக வைத்து, அதிலிருந்து தண்ணீர் வரைக்கும் நாடா பிடிக்க வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னேன்.

"அசையாத பொருளா?" கண்டக்டர் சுற்றிலும் பார்த்தார். "இந்தக் கடற்கரையிலேயே அசையாத பொருள்னா அது உன் மச்சினன்தான்."

அது பொய் இல்லை. மச்சினன் கொட்டகை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். டீ கேட்டால் உட்கார்ந்தபடியே அடுப்பைக் காட்டுவான், போட்டுக் குடித்துக்கொள்ள வேண்டும். குடை வேண்டும் என்றால் கையை நீட்டிக் குடையைக் காட்டுவான். ஆளையே அடையாளமாக வைத்தால் படிவத்தில் எப்படி எழுதுவது என்று தெரியாததால், அவன் கொட்டகையின் வலது முன்காலை எடுத்துக்கொண்டோம். கண்டக்டர் நாடாவின் முனையைக் காலோடு அழுத்திப் பிடிப்பார். நான் நாடாவை இழுத்துக்கொண்டு ஈர மணல் வரைக்கும் போவேன். முப்பத்தொரு மீட்டர்.

இரண்டு வருடம் ஒரு ஞாயிறுகூட விடவில்லை. சில வாரம் முப்பதரை. சில வாரம் முப்பத்தொன்றரை. மற்றபடி முப்பத்தொன்று.

இப்போது இதைப் படிப்பவருக்குப் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது தொண்டு. திங்கட்கிழமை செய்தது கூலி வேலை. இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. மச்சினன் தூரத்தில் ஏமாற்றிவிடக் கூடாது என்று திங்கட்கிழமையும் டீச்சர் கொடுத்த அதே நாடாவால்தான் அளந்தேன். கண்டக்டர் திங்கட்கிழமை வரமாட்டார். ரோட்டிலிருந்து கொட்டகைக்கு நடக்கும் தூரம் வரவரக் குறைந்துவந்ததை நான் கவனிக்கத்தான் செய்தேன். நடந்து பழகிவிட்டதால் குறைகிறது என்று நினைத்தேன்.

மற்றப் பதினோரு துண்டிலும் மணல் குறைந்துகொண்டே வந்தது. டீச்சர் ஒரு பெரிய தாளில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கோடு வரைந்து வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தார். எல்லாக் கோடும் மாடிப்படி இறங்குகிற மாதிரி இறங்கின. ஏழாம் துண்டின் கோடு மட்டும் கொடிக்கயிறு மாதிரி நேராகப் போனது. ஐந்தாம் துண்டைப் பார்க்கும் தையல்காரர், "உங்க துண்டுல மட்டும் கடலுக்கு என்ன மரியாதை?" என்று கேட்டார். கண்டக்டர், "ஒழுங்கா அளக்கணும்யா" என்றார்.

அந்த நேர்கோடு நகராட்சிக்குப் போனது. கடற்கரையில் மணல் நிலையாக இருக்கும் ஒரே இடம் ஏழாம் துண்டு என்பதால், அங்கே பன்னிரண்டு கான்கிரீட் கடை கட்டி வாடகைக்கு விடுவது என்று முடிவு செய்தார்கள். ஏற்கெனவே அங்கே பிழைப்பவர்களுக்கு முதல் உரிமை. எண் எழுதிய மரக்குச்சிகளை மணலில் வரிசையாக அடித்துவிட்டுப் போனார்கள். மச்சினனுக்கு நாலாம் எண். முன்பணம் கட்ட பேங்க்கில் இரண்டு லட்சம் கடன் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"பேங்க் பணம் கைக்கு வந்த அன்னைக்கே உங்க பணம் மாமா. பதினாறாயிரத்து முன்னூத்தி இருபது. கொட்டகைக் கதவுல இருக்கறது அப்படியே என் நெஞ்சுலயும் இருக்கு," என்றான்.

அந்தப் பணம் எனக்கு வேண்டியிருந்தது. என் அடிவயிற்றில் வலது பக்கம் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். குடலிறக்கம். குடோனில் பத்தில் மூன்று பேருக்கு உண்டு. பெல்ட்டைக் கட்டி அமுக்கிக்கொண்டு தூக்குவோம். அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசம். அதன் பிறகு வருவதுதான் செலவு. ஆறு வாரம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. தூக்காத ஆறு வாரத்துக்கு வீட்டு வாடகையும் சாப்பாடும் யார் தருவது? மச்சினன் தர வேண்டியது கிட்டத்தட்ட அந்த ஆறு வாரத்துக்கு ஆகும். எனக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த தேதி பதினான்கு மாதம் கழித்து.

"தள்ளிப் போடறது உங்க இஷ்டம்," என்றார் டாக்டர். "ஒரு நாள் குடல் வெளியே வந்து மாட்டிக்கும். அப்ப தேதி கேக்காமலே வந்துடுவீங்க."

சிகிச்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நகராட்சியின் அளவை அதிகாரி ஏழாம் துண்டுக்கு வந்தார். டீச்சரும் வந்திருந்தார். மச்சினன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, எல்லோருக்கும் தன் கையால் டீ போட்டுக் கொடுத்தான். கண்டக்டர் கண்ணாடி டம்ளரைக் கையில் வாங்கி, உண்மையா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். கடை கட்டுவதற்கு முன் அளவெடுத்தவர்கள் கையெழுத்து வேண்டுமாம். கண்டக்டர் மடியில் வைத்துப் பட்டென்று போட்டார். முப்பது வருடம் வழிச்சீட்டில் கையெழுத்துப் போட்ட கை. தாள் என்னிடம் வந்தது.

"படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க," என்றார் அதிகாரி, பேச்சுக்கு.

நான் படித்தேன். 'அளவெடுக்கப் பயன்படுத்திய அடையாளம் தொடக்கத்திலிருந்து இன்று வரை இடம் மாறவில்லை என்று உறுதி கூறுகிறோம்.' ஒவ்வொரு எழுத்தாகப் போய், 'இடம் மாறவில்லை' என்ற இடத்தில் நின்றேன். புத்திக்குப் புரிவதற்கு முன்னால் தோளுக்குப் புரிந்துவிட்டது. அந்த நாலு இரும்புக் காலின் எடை தோளுக்குத்தான் தெரியும்.

"மூட்டை, போட்டுட்டு வாய்யா. டீ ஆறுது," என்றார் கண்டக்டர்.

"நான் மெதுவாத்தான் படிப்பேன் சார்," என்றேன் அதிகாரியிடம். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சுட்டு நாளைக்குத் தரேன்."

"ஒரே ஒரு வரிதானே இருக்கு."

"ஆமா சார். அதான்."

டீச்சர் என்னைப் பார்த்தார். மச்சினனும் என்னைப் பார்த்தான், பிறகு கொட்டகையின் வலது முன்காலைப் பார்த்தான். அவன் உட்கார்ந்தே இருப்பவன்தான், ஆனால் மந்தமானவன் இல்லை.

அன்று மாலை பழப்பையோடு வீட்டுக்கு வந்தான். எங்கள் வீட்டுக்கு அவன் வெறுங்கையோடு வராதது அதுதான் முதல் தடவை. வீடு என்றால் ஒரே அறை. என் மனைவி கழுவிக் காயவைத்த சிமெண்ட் சாக்குகளை வெட்டிக் கடைப்பை தைத்துக்கொண்டிருந்தாள். பழத்தைப் பார்த்ததும் ஊசியை நிறுத்தினாள்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லக்கா. மாமா ஒரு கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

நான் விஷயத்தைச் சொன்னேன். கொட்டகை இரண்டு வருடத்தில் பதினோரு தடவை பின்னால் போயிருக்கிறது. கடல் அதற்குச் சமமாக உள்ளே வந்திருக்கிறது. நாங்கள் போகிற காலிலிருந்து வருகிற கடலை அளந்திருக்கிறோம். அதனால்தான் முப்பத்தொன்று.

"இதை யார்கிட்டயும் சொல்லலையே?" என்றான் மச்சினன்.

"இன்னும் இல்ல."

"மாமா, மூட்டை தூக்கறப்ப உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்த்தா தூக்கறீங்க? அது மாதிரி இதையும் தூக்கி இறக்கிடுங்க. முன்னெல்லாம் பெருவிரலை வெச்சு அமுக்கிட்டுப் போவீங்க. யாராவது உங்களைக் குத்தம் சொன்னாங்களா?"

"அப்ப எனக்குப் படிக்கத் தெரியாது மாப்ளே."

"படிச்சதே தப்புன்றேன்."

என் மனைவி இடையில் புகுந்தாள். "டேய், ரெண்டு வருஷத்துல கடல் எவ்வளவு வந்திருக்கு?"

அவன் என்னைக் கையால் காட்டினான். நான், "எட்டு மீட்டர் எண்பது" என்றேன்.

"வருஷத்துக்கு?"

"நாலு மீட்டர் நாப்பது."

"கடை கட்டற இடத்துலேருந்து தண்ணி எவ்வளவு தூரம்?"

"முப்பத்தொண்ணு."

அவள் ஊசியைத் துணியில் குத்திவிட்டு விரலை மடக்கினாள். பள்ளிக்கூடம் போகாதவள், ஆனால் வீட்டுக் கணக்கில் இதுவரை தவறியதில்லை. "ஏழு வருஷம். பேங்க் கடன் எத்தனை வருஷத்துக்குடா?"

"பத்து," என்றான்.

"அப்போ கடைசி மூணு வருஷம் தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டுத் தவணை கட்டுவ."

"கான்கிரீட் கடைக்கா. நூறு வருஷம் நிக்கும்."

"நிக்கும். மீன் வந்து டீ குடிச்சுட்டுப் போகும்."

மச்சினன் எழுந்தான். பழப்பையை எடுப்பதா விடுவதா என்று ஒரு கணம் யோசித்து விட்டுவிட்டான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமா, உங்க ஆபரேஷன் இந்தக் கையெழுத்துலதான் இருக்கு. அதையும் கொஞ்சம் எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு என் மனைவி மிச்சப் பையைத் தைத்து முடித்தாள். பிறகு, "தூக்கறப்ப ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"பொய் சொல்லத் தெரியாதவர் அங்க போயி என்னத்த கையெழுத்துப் போடப் போறீங்க," என்று விளக்கைச் சின்னதாக்கினாள்.

மறுநாள் அதிகாரி அதே இடத்தில் இருந்தார், கூடவே டீச்சரும் கண்டக்டரும். நான் தாளைக் கொடுத்தேன். கையெழுத்துப் போடவில்லை. கீழே இருந்த காலி இடத்தில், 'அடையாளம் பதினோரு முறை இடம் மாறியது. மாற்றியது நான்' என்று எழுதியிருந்தேன். நான் இதுவரை எழுதியதில் ஒரு பிழைகூட இல்லாத இரண்டு வரி அதுதான் என்று டீச்சர் பிறகு சொன்னார்.

அதிகாரி இரண்டு தடவை படித்தார். "எவ்வளவு தூரம் மாறுச்சு? அதுக்குக் கணக்கு ஏதாவது இருக்கா?"

நான் கொட்டகைக் கதவைத் திறந்து, உட்பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினேன்.

"இதுல வெறும் பணம்தானே இருக்கு."

"மீட்டருக்கு நூத்தம்பது சார்."

அவர் கதவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் நூற்றைம்பதால் வகுத்து நோட்டில் எழுதினார். நூற்றிருபது, எண்பது சென்டிமீட்டர். தொண்ணூறு, அறுபது சென்டிமீட்டர். ஒரு திங்கட்கிழமை நூற்றைம்பது, முழு மீட்டர். கடல் எந்த மாதம் எவ்வளவு வந்தது என்பது என் கூலியில் இருந்தது. மொத்தம் எட்டு மீட்டர் எண்பது. டீச்சர் தன் பெரிய தாளைப் பிரித்து, ஏழாம் துண்டின் நேர்கோட்டை அழித்துவிட்டு அங்கேயே புதுக்கோடு வரைந்தார். அதுவும் மாடிப்படி இறங்கியது.

"இவ்வளவு துல்லியமா மத்தத் துண்டுக்குக்கூட இல்ல," என்றார் அதிகாரி. "இந்தக் கதவு எங்களுக்கு வேணும்."

இரண்டு ஆட்கள் கதவைக் கழற்றினார்கள். மச்சினன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "கதவையாவது விட்டுட்டுப் போங்க சார்," என்றான். அவர்கள் அவனுக்கு ஒரு ரசீது கொடுத்தார்கள். 'மரக்கதவு ஒன்று, எழுத்துகளுடன்.'

திரும்பும்போது கண்டக்டர் மெதுவாகக் கேட்டார். "ரெண்டு வருஷமும் நாடா முனையை நான் சரியாத்தானே பிடிச்சேன்?"

"சரியாத்தான் பிடிச்சீங்க அண்ணே."

"அது போதும்," என்றார்.

கான்கிரீட் கடை கட்டும் திட்டம் கைவிடப்பட்டது. கடற்கரையில் இருந்த எல்லாக் கொட்டகைகளையும் ரோட்டு ஓரத்துக்கு ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்து, அந்த வாரமே லாரியும் வந்தது. நகராட்சி வேகமாக வேலை செய்தது என்று என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் சொல்ல முடியும். மச்சினன் கொட்டகை ஒரே மூச்சில் இருபத்தைந்து மீட்டர் மேலே போனது. என் கூலிக்கு அது மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது ஆகியிருக்கும். லாரிக்காரர்கள் கணக்கில்கூட எழுதவில்லை.

மச்சினன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். என் மனைவியிடம் மட்டும், "மாமாவுக்குத் தர வேண்டியதைக் கடல்கிட்ட வாங்கிக்கச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினான். நான் மருத்துவமனைத் தேதியை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆறு வாரம் சும்மா இருக்க எனக்கு வசதி இல்லை. பெல்ட்டில் இன்னும் ஒரு ஓட்டை உள்ளே தள்ளிப் போட்டுக் கட்டிக்கொண்டு குடோனுக்குப் போனேன்.

தாளைக் கொடுத்த ஒன்பதாம் நாள் காற்று மாறியது. முழுநிலவு நாள் வேறு. பகல் இரண்டு மணிக்குக் கடல் ஏறி வந்தது. குடோனில் இருந்ததால் நான் பார்க்கவில்லை. பார்த்த கண்டக்டர் வந்து சொன்னார். அலை மரக்குச்சிகள் வரைக்கும் வந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு போனதாம். மச்சினன் ரோட்டு ஓரத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தானாம். நாலாம் எண் குச்சி கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே நின்றது, பிறகு அதுவும் படுத்துவிட்டது. "நாலு டிக்கெட் இறங்கிடுச்சுன்னு சொன்னேன்," என்றார் கண்டக்டர். "உன் மச்சினன் சிரிக்கல."

மறுநாள் காலை அவன் வீட்டுக்கு வந்தான். கையில் பழப்பை இல்லை. வாசலிலேயே நின்றான்.

"மாமா, குடோன் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

"ஏழு."

"நாள் கூலி நானூத்தி எண்பதுதானே?"

"ஆமா."

"பதினாறாயிரத்து முன்னூத்தி இருபதுக்கு முப்பத்திநாலு நாள் ஆகுது. நேத்து உக்காந்து போட்டுப் பார்த்தேன். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்களுக்குப் பதிலா நான் போறேன். வர்ற கூலியை அப்படியே கொடுத்துடறேன். அதுவரைக்கும் நீங்க என் நாற்காலியில உக்காருங்க. கடை வருமானம் எனக்கு."

கதவு போய்விட்டது, கணக்கு எங்கே என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் மனைவி உள்ளேயிருந்து, "டேய், சாப்பிட்டுட்டுப் போ," என்றாள்.

சிகிச்சை நாளிலிருந்து மச்சினன் குடோனுக்குப் போனான். மேஸ்திரியிடம் நான் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். முதல் நாள் மாலை மருத்துவமனைக்கு வந்தபோது அவனால் தண்ணீர் டம்ளரை வாய்வரைக்கும் தூக்க முடியவில்லை. இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக் குடித்தான். நானூற்று எண்பதை என் தலைமாட்டில் வைத்தான்.

"மாமா, ஒரு மூட்டை எத்தனை கிலோ?"

"அம்பது."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அவன் தோளைத் தடவிக்கொண்டான். "இருபத்தெட்டு வருஷமாவா?" என்றான். அது கேள்வி மாதிரி இல்லை.

குடோனில் அவனுக்கு 'முதலாளி' என்று பெயர் வைத்தார்கள். "முதலாளி, குனிஞ்சு கும்பிடுங்க, மூட்டை தானா ஏறும்" என்பார்களாம். அவன் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. தையல் பிரித்த பிறகு நான் அவன் நாற்காலியில் உட்கார ஆரம்பித்தேன். அந்த நாற்காலி இடது பக்கம் லேசாகச் சாயும். அதில் உட்கார்ந்து பார்த்தால் கடல் தன்பாட்டுக்கு இருப்பதாகத்தான் தெரியும், உள்ளே வருகிறது என்று யாருக்கும் தோன்றாது. நானும் டீ கேட்டவர்களுக்கு அடுப்பைக் கையால் காட்டினேன், டாக்டர் அடிக்கடி எழுந்து குனியக் கூடாது என்றதால். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அளவு மட்டும் நிற்கவில்லை. மழைநீர்க் கால்வாயின் சிமெண்ட் சுவரைப் புது அடையாளமாக எடுத்துக்கொண்டோம். அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதை யாராலும் தூக்க முடியாது என்று நான்தான் அதிகாரியிடம் உறுதி சொன்னேன். அந்த உறுதியில் கையெழுத்தும் போட்டேன். நான் முனையைப் பிடித்துக்கொள்ள, கண்டக்டர் நாடாவை இழுத்துக்கொண்டு நடந்தார். ஐம்பத்திரண்டு மீட்டர். அடுத்த மாதம் ஐம்பத்தொன்றரை. 'கடல் இருந்தது' என்பதோடு இப்போதெல்லாம் 'கிட்டத்தில்' என்றும் சேர்த்து எழுதுகிறேன்.

முப்பத்திநாலாம் நாள் கடைசி நானூற்று எண்பது வந்தது. கொட்டகைக்குப் போட்ட புதுக் கதவில் முப்பத்திநாலு கோடு போட்டுவைத்திருந்தேன். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குறுக்குக் கோடு இழுத்தேன். ஆனால் டாக்டர் சொன்ன ஆறு வாரம் முடிய இன்னும் இரண்டு வேலை நாள் இருந்தது. மச்சினன் அந்த இரண்டு நாளும் காலையில் எழுந்து குடோனுக்குப் போனான். இரண்டாம் நாள் மாலை கொட்டகைக்கு வந்து தொள்ளாயிரத்து அறுபதை என் கையில் வைத்தான்.

"இது எதுக்கு? கணக்குதான் முடிஞ்சுபோச்சே."

"டாக்டர் ஆறு வாரம்னாரே."

"அப்போ இதை நான் உனக்குத் தரணும்."

"தரணும்தான்," என்றான். "கணக்குல எழுதிக்கறேன்." எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த என் மனைவி அவனைப் பார்த்தாள்.

நான் பென்சிலை எடுத்துக் கதவில் எழுதப் போனேன். அவன் நாற்காலிகளை எண்ணிக்கொண்டு நின்றான். கொட்டகை ரோட்டு ஓரத்துக்கு வந்துவிட்டதால், இனிமேல் தினமும் நாற்பது நாற்காலியையும் இருபது குடையையும் கீழே மணலுக்கு இறக்கி, மாலையில் திரும்ப ஏற்ற வேண்டும். போக இருபத்தைந்து மீட்டர், வர இருபத்தைந்து மீட்டர். அவன் உதடு அசைந்தது.

"மாமா, உங்க ரேட்டு எனக்குக் கட்டுப்படியாகாது. நானேதான் தூக்கணும்." பிறகு என் இடுப்பைக் காட்டினான். "அந்த பெல்ட்டு இன்னும் இருக்கா?"

இருந்தது. வீட்டில் ஆணியில் மாட்டியிருந்தது. எனக்கு இனி அது வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவனுக்குக் கொடுத்துவிடுவது, அதற்கு ஈடாகத் தொள்ளாயிரத்து அறுபதை அவன் கணக்கிலிருந்து தள்ளிவிடுவது என்று பேசிக்கொண்டோம்.

"பழைய பெல்ட்டுக்கு நல்ல விலை," என்றாள் என் மனைவி.

கதவில் 960 என்று எழுதி, அதன்மேல் ஒரு கோடு போட்டேன்.